சித்தி எந்தப் பாகத்தில் தொடங்குவது?

குடைக்காரன் விளையாட்டைப் புதிதாக ஆட வருகிறவர்கள் எந்தப் பாகத்தில் தொடங்கலாம் என்று என்னிடம் யாராவது கேட்டால் போச்சு. கேட்டவர் அரை மணி நேரத்துக்கு இடத்தைவிட்டு எழும்ப முடியாது. எங்கள் ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர் ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஆறிப்போன டீயைத்தான் குடித்தார். என்ன செய்வது, எனக்கு இதில் சர்வீஸ் அதிகம். நான் பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோதே, கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு புதுப்பெண்ணுக்கு இந்த விளையாட்டில் வாத்தியார் ஆனவள்.

புதுப்பெண் என்றது என் சித்தியை. சித்தப்பா சவுதியில் வேலை பார்த்தார். லீவுக்கு வந்தபோது ஒருமுறை கேம் பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் குடைக்காரன் டிஸ்குகளை ஒன்றும் இரண்டுமாகக் கொண்டுவந்து ஆறு பாகத்தையும் சேர்த்துவிட்டார். அட்டையில் எல்லாம் அரபு எழுத்து. விளையாட்டின் பெயர் என்னவென்று எங்களுக்குத் தெரியாது, படித்துச் சொல்லச் சித்தப்பாவுக்கும் பொறுமையில்லை. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட குட்டையன் ஒருவன் குடையோடு ஓடுவான், சுவருக்குச் சுவர் தாவுவான், உயரத்திலிருந்து விழும்போது குடையை விரித்துக்கொண்டு மிதப்பான். அதனால் குடைக்காரன். எங்கள் ஊரான கருங்கல் பக்கம் குதிப்பதைச் சாடுவது என்றுதான் சொல்வோம். அண்ணனும் நானும் ஆட உட்கார்ந்தால் வீட்டில் ஒரே 'சாடு, சாடு' தான். முதல் நாள், குளித்துக்கொண்டிருந்த பாட்டா, அதாவது அப்பாவின் அப்பா, யாரோ கிணற்றில் சாடப்போகிறார்கள் என்று நினைத்துத் இடுப்பில் கட்டிய தோர்த்துத் துண்டோடு ஓடிவந்தார்.

சித்தப்பாவுக்குக் கல்யாணத்துக்குக் கிடைத்த லீவு நாற்பது நாள். கல்யாணம் முடிந்த மறுநாளே விருந்து ஆரம்பமாகிவிட்டது. எங்கள் பக்கம் புது மாப்பிள்ளையையும் பெண்ணையும் சொந்தக்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் அழைத்துச் சோறு போட்டாக வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். கருங்கலில் நாலு வீடு, மார்த்தாண்டத்தில் மூன்று, சித்தி பிறந்த கோட்டாற்றுப் பக்கம் எண்ணி முடியாது. போன இடத்திலெல்லாம் மாப்பிள்ளையை ஆண்கள் முன்னறைக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள், பெண்ணை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி நான் பார்த்ததில்லை. நானும் பாயசத்திலேயே கண்ணாக இருந்தேன். நாற்பது நாளும் கோழிக்கறியில் கரைந்துபோய், சித்தப்பா திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிட்டார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை போன்தான். அங்கே அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்கே பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் வீடு வந்து சேருகிற சாயங்காலம் பார்த்து அப்பாவின் மொபைல் அடிக்கும். வீட்டுக்கே அந்த ஒரு மொபைல்தான். அப்பா அதை ஹாலில் ஸ்டூல்மேல் வைத்து ஸ்பீக்கரில் போடுவார். எல்லாரும் சுற்றி உட்காருவோம். பேசுவதற்கு வயது வரிசை உண்டு. முதலில் பாட்டா, அங்கே மழை உண்டுமா என்று கேட்பார். வாரா வாரம் அதையேதான் கேட்பார். இல்லை என்று தெரிந்ததும் உண்மையாகவே வருத்தப்படுவார். பிறகு அப்பா, அம்மா. பிறகு அண்ணனும் நானும். எங்களுக்குக் குடைக்காரன் விசேஷமே பத்து நிமிஷம் ஓடும், லீவில் எங்களோடு ஆடிப் பழகிய சித்தப்பாவும் சத்தம் கூடி எங்கள் வயசுக்கு இறங்கிவிடுவார். எல்லாரும் பேசி முடித்த பிறகு கடைசியில் சித்தி.

"சுகமா?" என்பார் சித்தப்பா.

"சுகம்."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

அவ்வளவுதான். நாங்கள் ஐந்து பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம். கணக்கில் பட்டம் வாங்கியவள், என்னிடம் வாய் ஓயாமல் பேசுகிறவள், போனைக் கண்டால் மட்டும் ஸ்டூலின் காலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். "செரி, வச்சிரட்டா?" என்று சித்தப்பா கேட்பார். "செரி" என்பாள். வைத்ததும் அடுக்களைக்குப் போய், கழுவி வைத்த கிளாஸ்களை எடுத்து மறுபடியும் கழுவுவாள். ஒரு வெள்ளிக்கிழமை அப்படிக் கழுவும்போது அவள் அழுததைப் பார்த்தேன். கோட்டாற்று வீட்டு ஞாபகம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் சொல்லித் தாங்க பிள்ளைகளே. வெள்ளிக்கிழமைக்குள்ள படிக்கணும்."

"அதென்ன வெள்ளிக்கிழமை கணக்கு?" என்று அண்ணன் கேட்டான்.

"உங்க சித்தப்பாட்ட பேசணும்லா."

பேசுவதற்குப் போன் போதாதா, கேம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் வாத்தியார் உத்தியோகம் வீடு தேடி வரும்போது யாராவது துருவித் துருவிக் கேட்பார்களா? உடனே சம்மதித்துவிட்டேன்.

எங்கே தொடங்குவது என்பதில் சண்டை வந்தது. அண்ணன் முறை பார்க்கிறவன். ஒன்றாம் பாகம்தான் அஸ்திவாரம் என்றான். அஸ்திவாரம் சரி, ஆனால் அதில் மூன்றே உயிர், சேவ் கிடையாது, கடைசிக் கட்டத்தில் செத்தாலும் திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டும். அண்ணனே அதை ஆடி அழுதிருக்கிறான். அதை நான் சித்தி முன்னால் எடுத்துச் சொல்லி, தொடையில் ஒரு கிள்ளு வாங்கினேன். மூன்றாம் பாகம் முழுக்கக் கடலுக்கடியில், கை பழகாதவர்களுக்கு மூச்சு முட்டும். நாலாம் பாகத்தில் ஆள் திரும்பினால் உலகமே சேர்ந்து திரும்பும். பாட்டா ஒருநாள் சும்மா பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொண்டார். ஆறாம் பாகம் கீறல் விழுந்து பாதியில் நிற்கும். என் கட்சி இரண்டாம் பாகம். அதில் முதல் கட்டம் முழுக்க வாழைத்தோப்பு, ஒரு பள்ளம் கிடையாது. எதிரி என்று வருவது இரண்டு நத்தை, அதுவும் நாம் ஒதுங்கும்வரை காத்து நிற்கிற நல்ல நத்தைகள். ஓடிப் பழகலாம், சாடிப் பழகலாம், மூன்றாம் கட்டத்தில்தான் குடையே கையில் வரும்.

"சண்டே ஸ்கூலுக்குப் புதுசா வாற பிள்ளைக்கு எடுத்த எடுப்புல மனப்பாட வசனமா குடுக்காவ? கை தட்டுற பாட்டுதானே குடுக்காவ?" என்று கேட்டேன். அண்ணன் ஒன்றாம் பாகத்தின் டிஸ்கைத் திரும்ப உறைக்குள் போட்டான்.

சித்தி எல்லாவற்றையும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "உங்க சித்தப்பாவுக்கு இதுல எது பிடிக்கும்?" என்றாள்.

"அஞ்சு."

"அப்ப எனக்கு அஞ்சைப் போடுங்க."

எனக்கு வந்ததே கோபம். இத்தனை நேரம் தொண்டை வலிக்கச் சொன்னதெல்லாம் என்ன ஆயிற்று? ஐந்தாம் பாகம் எங்களுக்கே ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. பட்டுத் தெரியட்டும் என்று டிஸ்கைப் போட்டுக் கொடுத்தேன். முதல் பள்ளத்திலேயே சித்தி பத்தொன்பது தடவை விழுந்தாள். உட்கார்ந்தே எண்ணினேன். குடைக்காரன் சாடும்போது அவளும் சேர்ந்து பாயிலிருந்து ஒரு சாட்டம் எழும்புவாள், அவன் விழும்போது என்மேல் விழுவாள். இருபதாவது தடவை விழுவதற்கு முன் தானே டிஸ்கை எடுத்து என்னிடம் நீட்டி, "உன் ரெண்டையே போடு, வாத்தியாரே" என்றாள். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் நான் யாரையும் மதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தொடக்கூடாது என்பது பாட்டா போட்ட சட்டம். அன்று கோயிலுக்குப் போய் வந்ததும் தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி, இது பாலம், இது நத்தை, இங்கே சாடணும் என்று பாடம் எடுத்தேன். திங்கள் முதல் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றுவதற்குள் சித்தி டிவி முன்னால் ரெடியாக இருப்பாள். அரிசி களைந்த கை ஈரம்கூடக் காய்ந்திருக்காது.

வெள்ளிக்கிழமை வந்தது. பாட்டா மழையை விசாரித்தார். மற்றவர்கள் பேசினார்கள். சித்தி முறை வந்தது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்," என்றவள் நிமிர்ந்து, "வாழைத்தோப்பு முடிச்சாச்சு" என்றாள்.

லைன் போய்விட்டதோ என்று அப்பா குனிந்து பார்த்தார்.

"எந்த வாழைத்தோப்பு? ரெண்டுல உள்ளதா?" சித்தப்பாவின் குரலே மாறிவிட்டது.

"ஆமா. குடையும் கெடச்சாச்சு. ஆனா தொங்குபாலத்துல விழுதேன்."

"ஓடுவியா இருக்கும். அதுல ஓடப்படாது. பைய நடக்கணும் கேட்டியா?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் மாணவி பேசுகிறாள். கால் மணி நேரம் பேசினாள். ஸ்டூலின் காலைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசினாள். யாருடைய வாழைத்தோப்பு என்று பாட்டா விசாரித்தார், யாருடையதும் இல்லை என்றதும் எழும்பிப் போய்விட்டார். அடுத்த வாரம் பாலத்துக்குப் பிறகு வரும் சுரங்கத்தைப் பற்றிப் பேச்சு. அப்பா உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். அதற்கடுத்த வாரம் அம்மாவுக்கு அடுக்களையில் வேலை வந்துவிட்டது. அண்ணன் கிரவுண்டில் கிரிக்கெட்டுக்கு ஓடினான். சித்தி முறை வரும்போது ஹாலில் நான் மட்டும்தான் இருப்பேன். வாத்தியார் எப்படிப் பாதியில் எழும்பிப் போக முடியும்?

இரண்டு மாதத்தில் சித்தி ஐந்தாம் பாகத்துக்கு வந்துவிட்டாள். அதிலே காற்றாடிக் கோபுரம் என்று ஒரு கட்டம் உண்டு. முப்பந்தலில் மின்சாரம் எடுக்க வரிசையாகச் சுற்றுமே, அதே மாதிரி நாலு காற்றாடி. இறக்கை கீழே வரும்போது அதன்மேல் சாட வேண்டும், அது மேலே கொண்டுபோனதும் குடையை விரித்து அடுத்த காற்றாடிக்கு மிதக்க வேண்டும். நாலாவது மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அண்ணனும் நானும் ஒரு வருஷமாக அங்கே விழுந்துகொண்டிருந்தோம். மூன்றைத் தாண்டிவிட்டேன் என்று சித்தி ஒரு வெள்ளிக்கிழமை சொன்னபோது சித்தப்பா கை தட்டிய சத்தம் போனில் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த புதன்கிழமை. சித்தி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே ஆடினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, இப்ப. குடை விரிந்தது. குடைக்காரன் மிதந்து மிதந்து போய், எதிர்ப்பக்கம் சுற்றிவந்த இறக்கையின் நுனியில் ஒற்றைக் காலில் நின்று ஆடினான். சித்தி இன்னொரு சாட்டம். கோபுரக் கதவு திறந்துகொண்டது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு போட்ட கூச்சலில் அம்மா அகப்பையோடு வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை வரட்டும், சித்தப்பா அசந்துபோவார் என்றேன். சித்தி என் தலையைக் கலைத்துவிட்டாள். எனக்கு இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. சித்தி முறை வந்ததும் நான் ஸ்டூலோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

"நாலாவதுல விழுந்துகிட்டே இருக்கேன்," என்றாள் சித்தி. "எப்படிச் சாடணும்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெட்கமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது எளுப்பம், கஷ்டமே இல்ல," என்றார் சித்தப்பா. "நாலாவது காத்தாடிக்குப் பின்னால ஒரு ஏணி உண்டு, பாக்கல்லியா?"

அங்கே ஏணியே கிடையாது. கதவு திறந்தபோது நான் மூக்கை டிவியில் வைத்துப் பார்த்தவள். ஆனால் சித்தி, "ஏணியா? நான் பாக்கல்லியே" என்றாள். ஏணிக்கு எத்தனை படி, என்ன நிறம் என்று சித்தப்பா அரை மணி நேரம் விளக்கினார். மறு வாரமும் இதே கூத்து. இந்தத் தடவை ஏணியின் உச்சியில் ஒரு பறவைக்கூடு வேறு வந்துவிட்டது, அதில் முட்டைகூட இருந்தது. சித்தி தாடையில் கை வைத்துக்கொண்டு, "அப்படியா, பொறவு?" என்று கேட்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. நான் உருவாக்கிய மாணவி, அண்ணனால் முடியாததை முடித்தவள், சித்தப்பா கணக்கில் இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறாள். போனை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"சித்தப்பா, சித்தி பொய் சொல்லுகாவ. நாலாவதை எப்பவோ தாண்டியாச்சு. நான் கண்ணால பாத்தேன். அங்க ஏணியும் கிடையாது, கூடும் கிடையாது."

சித்தியின் முகம் சிவந்துபோயிற்று.

"தெரியும் மக்கா," என்றார் சித்தப்பா. "மூணைத் தாண்டினவளுக்கு நாலாவதுக்கு இத்தனை நாளா ஆகும்?"

"தெரிஞ்சா பின்ன என்னத்துக்கு ஏணின்னு சொல்லுதிய?"

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மக்கா, அண்ணன் கிரவுண்டுல இருப்பான்லா," என்றார் சித்தப்பா. "நீயும் கொஞ்சம் போய் விளையாடேன்."

"ஆமா பிள்ளே, போயிட்டு வா," என்றாள் சித்தியும், என் தோளைத் தொட்டு.

ஒருத்தர் தாண்டிவிட்டுத் தாண்டவில்லை என்கிறார், இன்னொருத்தர் இல்லாத ஏணியில் முட்டை வைக்கிறார். இப்படிப்பட்ட இரண்டு பேரைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. விவரம் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டாமா? நல்ல வசதியாகச் சம்மணம் போட்டு, போனை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நாலாவது காற்றாடியை எப்படித் தாண்ட வேண்டும் என்று இருவருக்கும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். சித்தப்பா அடுத்த லீவுக்கு ஊர் வந்து சேரும்வரை ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் அந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை.