நாற்பத்தெட்டாவது விதியும் தெருப்பாவும்

அவசரநிலைக் காலத்தில்தான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் பங்குக்கு வந்த பாடம், முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி குடியரசானபோது எழுதிக்கொண்ட அரசியலமைப்புச் சட்டம்.

கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். "அந்த நாப்பத்தெட்டாவது விதிய மட்டும் மேலோட்டமா சொல்லிட்டுப் போயிடுங்கம்மா. காலம் சரியில்ல," என்றார். நாட்டுக்கு ஆபத்தென்றால் ஜனாதிபதி மக்களின் உரிமைகளை நிறுத்திவைத்து ஆணையிடலாம் என்ற விதி அது. அதை விட்டுவிட்டு அந்தச் சட்டத்தில் நடத்துவதற்கு என்ன இருக்கிறது? தலையாட்டிவிட்டு வந்தேன். பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

மறுநாள் வகுப்பின் கடைசி பெஞ்சில் நடுவயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேட்டி சட்டை கட்டினாலும் போலீஸ்காரர் உட்காரும் தோரணை மாறுமா? "பிரின்சிபால் கிட்ட சொல்லிட்டேம்மா, நீங்க நடத்துங்க," என்றார்.

பாதிப் பேர் என்னைப் போலவே நெசவு வீட்டுப் பிள்ளைகள். விதியை விளக்கும்போது பழக்க தோஷம், வாய் தானாகத் தெருவுக்குப் போய்விட்டது.

"தெரு நீளத்துக்குப் பட்டு இழையை இழுத்துக் கட்டி பாவு போடறோம். திடீர்னு மழை வந்தா, உடையவங்களைக் கேட்காம யார் வேணும்னாலும் சுருட்டலாம் இல்லையா? வீட்டுக்குள்ள கொண்டு போய்ச் சேர்த்ததும் அந்த உரிமை தீர்ந்துபோச்சு. இந்த விதியும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சாங்க."

முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான்.

"மழை வருதுன்னு சொல்றது யாரு மேடம்?"

"ஜனாதிபதி."

"வுட்டுடுச்சுன்னு சொல்றது?"

"நாடாளுமன்றம் சொல்லலாம். ஆனா அதைக் கலைக்கிற அதிகாரமும் அவர்கிட்டயே இருந்துச்சு."

"அப்போ வெயில் காய்ஞ்சிக்கினு இருந்தாலும் பாவு நம்ம கைக்கு வராதா?"

யாரும் சிரிக்கவில்லை. யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. "அந்த நாட்டுல வரல," என்று சொன்னேன். மணி அடித்தது.

வராந்தாவில் அந்தக் கடைசி பெஞ்சுக்காரர் காத்திருந்தார். "எங்க வூட்லயும் பாவு போடறவங்கதாம்மா. பொஸ்தகத்துல இருக்கறத நடத்துனீங்கன்னு சொல்லிடறேன். உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. அந்தப் பொண்ணு கிட்ட மட்டும் சொல்லி வைங்க, இனிமே கேக்க வாணாம்னு. நாளைக்கி எனக்குப் பதிலா வேற ஆளு வருவாரு."

அவர் நல்லவர். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. அன்று முழுவதும் அவளிடம் சொல்ல வார்த்தை தேடினேன். கேட்காதே என்று சொல்லவா இந்த வேலைக்கு வந்தேன் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் பத்திரமாக இருக்க வேண்டுமே என்றும் இருந்தது. கடைசியில் சொல்லவில்லை.

மறுநாள் கடைசி பெஞ்சில் வேறொருவர் இருந்தார். பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் கை மேலே போனது. வகுப்பு முழுவதும் என் முகத்தையே பார்த்தது.

"கேளும்மா," என்றேன்.