அரைக் கட்டைச் சந்தேகம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்தப் புல்லாங்குழல் வித்துவானின் பெயர் கண்டியில் எல்லோருக்கும் தெரியும். முகம் ஒருவருக்கும் தெரியாது. மஹய்யாவப் பகுதியில் என் வீட்டு விறாந்தையில் மாலைதோறும் கிராமபோன் பாடும். அவருடைய தோடியை அயலவர்கள் அங்கேதான் கேட்டார்கள். அவரைக் கச்சேரிக்கு அழைத்த சபைக்கு நானே செயலாளர். ஆகவே, காலை ரயிலில் வந்து இறங்கியவர் அவர்தானா என்று பார்ப்பதும் என் கடமை என்று எண்ணினேன்.

சபைத் தலைவரின் புடவைக்கடை மேல்மாடியில் அவரைத் தங்கவைத்தோம்.

"ஆரிட்டைப் படிச்சீங்கள்?" என்று கேட்டேன்.

"யார்கிட்டயும் இல்ல. கோயில் நாகஸ்வரத்தக் கேட்டுக் கேட்டு ஊதினதுதான்."

"தகப்பனாரிட்டை எண்டு இசைத்தட்டோட வந்த தாளில கிடக்கு?"

"அது கம்பெனிக்காரங்க எழுதினது. எங்கப்பா சமையக்காரர். அவர் ஊதினது அடுப்பத்தான்."

தலைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் சுருதிப்பெட்டியைத் திறந்தேன். அவருடைய இசைத்தட்டின் சுருதியோடு ஒத்துப்போக ஐந்தரைக் கட்டைக்கு வைத்திருந்தேன். அவர் இரண்டு சுரம் ஊதி நிறுத்தி, "அரைக் கட்டை இறக்குங்க" என்றார்.

"தட்டுக்கு வாசிச்சது வேறை குழலோ?"

"இதே குழல்தான்."

அகப்பட்டான் என்று நினைத்தேன். ஒரே மூங்கில் இரண்டு சுருதி பேசாது. தலைவரைப் படிக்கட்டுக்கு அழைத்து, "இது வேறை ஆள். கச்சேரியை நிப்பாட்டுவம்" என்றேன்.

"அவசரப்படாதீங்க ஐயா. மொதல்ல அவரயே உங்க பாட்டுப்பெட்டிகிட்ட கூட்டிட்டுப் போங்க."

என் வீட்டில் அவர் கண்ணை மூடித் தட்டைக் கேட்டார். பிறகு கிராமபோனின் வேகத் திருகைச் சற்றே இடப்பக்கம் திருப்பினார். தோடி மெல்ல இறங்கி, அவர் கையிலிருந்த குழலோடு ஒட்டிக்கொண்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தட்டின் சுற்றுகளை எண்ணினேன். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு; இப்போதுதான் கணக்குச் சரி. இரண்டு வருடமாக என் கிராமபோன் வேகமாக ஓடியிருக்கிறது.

"இவ்ளோ அவசரமா நான் எந்தக் கல்யாணத்துலயும் வாசிச்சதில்ல" என்றார். அவ்வளவுதான்; கோபப்படவில்லை.

மாலையில் கோயில் மண்டபம் நிறைந்தது. அவர் முதல் சுரம் பிடித்ததுமே முன்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது: "இவர்தானா? சுருதி எறங்கியிருக்கே!"

எல்லோரும் என் விறாந்தையில் கேட்டவர்கள். அவர் குழலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்து நின்று சொன்னேன்:

"இவர்தான். பிழை என்ரை பாட்டுப்பெட்டியில."