சந்தனப் பொட்டு வைத்த கீபோர்டு

மூன்று வருடங்களாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஒரு வாய்க்காலில் விழுந்து செத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் வாய்க்கால்தான். ஒரு தீவில் இரண்டிரண்டு பேராக இறங்கி, மற்றவர்களைச் சுட்டுத் தள்ளிவிட்டுக் கடைசி வரை நிற்கிற ஜோடி ஜெயிக்கும். என் ஜோடி என் கல்லூரித் தோழி. ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தோம். இப்போது அவள் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் கீழே கள்ளக்குறிச்சியில் மனு டைப் அடித்துக் கொடுக்கிற, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருகிற ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் போன் பேச்சு சுருங்கிவிட்டது. சாப்பிட்டியா, பசங்க நல்லா இருக்காங்களா, சரி வைக்கட்டுமா, அவ்வளவுதான். ஆனால் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்தத் தீவில் இறங்கிவிட்டால் மூன்று மணி நேரம் வாய் ஓயாது. மாமியார் கதை, ஹெட்மாஸ்டர் கதை, யார் யாருக்குத் தைராய்டு வந்திருக்கிறது என்பது வரைக்கும் பேசுவோம். நடுவில் யாராவது வந்தால் சுடுவோம். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ரொம்ப முக்கியம். இதை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

வாய்க்காலுக்கு வருகிறேன். அதைத் தாண்ட வேண்டுமென்றால் முன்னால் போகிற விசை, ஓடுகிற விசை, குதிக்கிற விசை மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். என் கடையில் தேய்ந்துபோய் வீட்டுக்குக் கொண்டுவந்த பழைய ரப்பர் கீபோர்டில், இரண்டை அழுத்திக்கொண்டு மூன்றாவதை அழுத்தினால் அதற்குக் காதே கேட்காது. நான் ஓடிப்போய் நேராகத் தண்ணீரில் இறங்கிவிடுவேன். எனக்குத்தான் விளையாடத் தெரியவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆயுத பூசைக்கு மூன்று வாரம் முன்னால் அவள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"சேலத்துப் பையன் ஒருத்தன் ஜோடியா ஆடக் கூப்புடறான்டி. நல்லா ஆடறான். சீசன் முடியறதுக்குள்ள தங்கத்துலருந்து வைரத்துக்குப் போயிடலாம்னு சொல்றான்."

தங்கம், வைரம் என்பதெல்லாம் அந்த விளையாட்டில் நம் தகுதிக்குக் கொடுக்கிற பட்டம். நாங்கள் மூன்று வருடமாகத் தங்கத்திலேயே துருப்பிடித்துக் கிடந்தோம்.

"போயேன். யார் வேணாம்னா?" என்றேன்.

"கோச்சிக்காத. நீ இன்னா, வாரா வாரம் வாய்க்கால்ல வுழுந்துக்கினே கீற. ஒரு நல்ல கீபோர்டு வாங்கு. சீசன் கடைசி ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பம்."

கோபம் இல்லை, பொறாமை. முப்பத்தைந்து வயதில், முகம் தெரியாத ஒரு சேலத்துப் பையன்மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது. அன்று சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

மறுநாளிலிருந்து கீபோர்டு பார்க்கும் படலம் ஆரம்பித்தது. மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனியாக ஸ்பிரிங் வைத்த ஒரு ஸ்விட்ச் இருக்கும். அந்த ஸ்விட்சில் நீலம், சிவப்பு, பழுப்பு என்று சாதி பிரித்து வைத்திருக்கிறார்கள். நீலம் டக்கு டக்கென்று சத்தம் போடும். சிவப்பு வாயைத் திறக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பு ரெண்டுங்கெட்டான். வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒருவர் நீலம் வாங்காதே என்பார், அடுத்தவர் நீலம்தான் உயிர் என்பார். மதியம் சோறு தின்னும்போதும் கைபேசியைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்தப்பகூட நான் இம்மாம் யோசிக்கல" என்றார்.

"அதான் தெரியுதே" என்றேன்.

கடைசியில் சேலம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். என் பட்ஜெட்டைச் சொன்னதும் கடைக்காரர் உள்ளே போய் இரண்டு பெட்டிகளை எடுத்து வந்தார். இரண்டும் ஒரே விலை. ஒன்று கறுப்பு. விளக்கு கிடையாது, அலங்காரம் கிடையாது, பார்க்க எழவு வீட்டுக்கு வந்தது மாதிரி இருந்தது. ஆனால் அதில் ஸ்விட்ச் கெட்டுப்போனால் பல் பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கிவிட்டு வேறு ஒன்றை நாமே மாட்டிக்கொள்ளலாம். இன்னொன்றில் அது முடியாது, எல்லா ஸ்விட்சையும் ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். ஆனால் வயரைச் செருகியதும் மேலிருந்து கீழே மயில் கழுத்து நிறம் ஒன்று ஓடியது, அதன் பின்னால் ரோஸ், அதன் பின்னால் மஞ்சள். இரண்டிலும் நீல ஸ்விட்ச்.

"ஜாஸ்தி போறது இதாங்க மேடம்" என்று விளக்குப் பெட்டியைத் தட்டினார் கடைக்காரர். "அது ஸ்டாக்குல தூங்கிக்கினு கீது."

கடை வாசலுக்கு வந்து தோழிக்குப் போன் போட்டேன்.

"கழட்டி மாட்டறத வாங்குடி" என்றாள். "ஒண்ணு போனா ஒண்ண மாட்டிக்கலாம். வெளக்கு இன்னா, சோறு போடுமா?"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரியான விஷயத்தை டீச்சர் குரலில் சொன்னால் எனக்குப் பிடிக்காது. உள்ளே போய் விளக்கு எரிகிறதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள், "கழட்டறதுதான வாங்கின?"

"ம்" என்றேன். ஒரே ஒரு எழுத்துப் பொய்.

அன்று முதல் ஆட்டத்திலேயே வாய்க்காலைத் தாண்டினேன். அந்தக் கரையில் கால் வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அவளுக்கு ஹெட்போனில் என் விசைச் சத்தம் தாங்கவில்லை. "இன்னாடி இது, கரும்புச் சாறு மிஷினு ஓட்டிக்கினே ஆடறியா?" என்றாள். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தோம். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாக்கி இருந்தது, அன்று இரண்டு ஆட்டம் ஜெயித்தால் வைரம். சேலத்துப் பையனின் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. கடையைக் கழுவித் துடைத்து, பிரிண்டர், ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன் மிஷின், ஸ்டேப்ளர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். வீட்டிலிருந்து புதுக் கீபோர்டையும் எடுத்துப் போயிருந்தேன். எனக்கு இந்த வருஷம் இதைவிடப் பெரிய ஆயுதம் எது? ஸ்டேப்ளருக்கு ஒரு பொட்டு என்றால் இதற்கு ஒன்று போதுமா என்று தோன்றியது. விளையாட்டில் முன்னே, இடம், பின்னே, வலம் போகிற டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகளுக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். முன்னே போகிற டபிள்யூவுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக வைத்தேன். சந்தனத்தில் தண்ணீர் அதிகம். பூசையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது என்பதால் அப்படியே படைத்துவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

சனிக்கிழமை எடுத்துவந்து மாட்டினால், டபிள்யூவை அழுத்தியதும் அது உள்ளேயே தங்கிவிட்டது. சந்தனம் ஓரமாக வழிந்து ஸ்விட்சுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. நகத்தால் கிளப்பினால் மேலே வரும். மறுபடி அழுத்தினால் போனது போனதுதான். காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுத்தம் செய்யப் போய் இன்னும் மோசமாக்கினேன். கடைக்காரருக்குப் போன் போட்டேன். பூசை விடுமுறை, திங்கள்தான் திறப்பேன் என்றார். பழைய ரப்பர் கீபோர்டு பரணில் இருந்தது, கடையில் இருப்பதும் அதே ரகம்தான். எதை எடுத்தாலும் மறுபடி வாய்க்கால்தான்.

தோழிக்குச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் சிரித்தாள். "இதுக்குத்தான்டி கழட்டறத வாங்கச் சொன்னன். எங்கிட்ட நாலு ஸ்விட்ச் சும்மா கீது, என் கீபோர்டோட குடுத்தது. காலைல மொத பஸ்ல எட்த்துக்கினு வரேன். லேப்டாப்பும் எட்த்துக்கினு வந்துடறன், உங்க வூட்லயே ஆடலாம்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம், வராதே, நான் பொய் சொன்னேன் என்று ஒரு வரி. வாய் வரவில்லை. பயம் ஒரு பக்கம். அவள் வருகிறாள் என்ற சந்தோஷமும் ஒரு பக்கம் இருந்தது, அதை மறைத்துப் பயன் இல்லை.

ஞாயிறு காலை மலைப் பஸ்ஸில் வளைவு வளைவாகச் சுற்றி இறங்கி, கச்சிராயபாளையம் வழியாக வந்து சேர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. பஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, ஹாஸ்டல் நாளிலிருந்தே அப்படி. ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு, பையிலிருந்து சின்ன இடுக்கியையும் நான்கு ஸ்விட்சையும் எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். ஸ்விட்சை இடுக்கியால் பிடித்து இழுத்தாள், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"இன்னாடி, வரவே மாட்டேங்குது."

"அது வராது."

"ஏன்?"

"அது ஒட்டுன மாடலு. வெளக்கு எரியறது."

இடுக்கியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், கீபோர்டைப் பார்த்தாள், காய்ந்த சந்தனத்தைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் நிலைமை புரிந்து பால் வாங்கப் போய்விட்டார்.

"நேத்தே சொல்லியிருந்தா நான் வந்திருக்க வேணாமே" என்றாள்.

"அதுக்குத்தான் சொல்லல" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. "அந்தச் சேலத்துப் பையங்கூட நீ போயிடுவியோன்னு வேற இருந்திச்சி."

அவள் நான்கு ஸ்விட்சையும் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கீபோர்டின்மேல் வைத்தேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய கை. வைத்தால் தானாக ஏ, எஸ், டி, எஃப் மேல்தான் உட்காரும். விளையாடும்போது மட்டும் அதை ஒரு விசை இடப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு மூன்று வருடமாக அவஸ்தைப்பட்டிருக்கிறேன். நடு விரலுக்கு நேர் மேலே ஈ என்ற விசை இருந்தது. பொட்டு வைக்காத ஈ.

விளையாட்டின் செட்டிங்கைத் திறந்தேன். முன்னே போக ஈ, இடப்பக்கம் எஸ், பின்னே டி, வலப்பக்கம் எஃப் என்று மாற்றினேன். டபிள்யூவுக்கு வேலையே இல்லை. மனு அடிக்கிற மாதிரிக் கையை வைத்துக்கொண்டு ஓடிப் பார்த்தேன், வாய்க்காலைப் பார்க்காமலே தாண்டினேன்.

"டைப் அடிக்கிற கைய வச்சிக்கினு இத்தினி நாளா இன்னாடி பண்ண?" என்று கேட்டுக்கொண்டே அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதில் கடைசியாக நாங்களும் இன்னொரு ஜோடியும் மட்டும் மிச்சம். நான் வாய்க்காலைத் தாண்டி அந்தக் கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் அவளைக் காணவில்லை. தண்ணீரில் கிடந்தாள். திரையைப் பார்க்காமல் என் கீபோர்டில் ஓடுகிற நிறத்தைப் பார்த்துக்கொண்டே ஓடியிருக்கிறாள். தனியாக நின்ற என்னை அடுத்த நிமிஷம் சுட்டுவிட்டார்கள். வைரம் போய்விட்டது. அடுத்த ஆட்டம் தொடங்குவதற்குள் சீசனுக்குக் கொடுத்த நேரமும் முடிந்தது.

மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. காப்பி குடித்துக்கொண்டே அவள் சொன்னாள், "அந்தப் பையன் மறுநாளே திரும்பக் கூப்ட்டான்டி. ஆள் இருக்குன்னு அப்பவே சொல்லிட்டன்."

மூன்று வாரம் என்னை ஏன் அலையவிட்டாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. நானும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

அவள் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப அந்த வெளக்கப் போடு, இருட்டுல பாக்கலாம்" என்றாள்.