டொக்டரின் துவக்கும் மன்னார் எருமையும்

வேட்டைத் துவக்குகள் செய்யும் அந்தப் பட்டறையில் இரும்பைத் தொட எனக்கு அனுமதியில்லை. அதற்கு வருடக்கணக்கில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து பரீட்சையும் எழுதியிருக்க வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மரத்தைத் தொடலாம். வால்நட் கட்டைகளை மாடியிலிருந்து இறக்குவது, செதுக்கி முடித்த பிடிக்கு எண்ணெய் தேய்ப்பது, காய்ந்ததும் மறுபடி தேய்ப்பது, தரை கூட்டுவது, சாமான் ஏற்றும் வான் ஓட்டுவது எல்லாம் என் வேலை.

லைப்சிக்கிலிருந்து தெற்கே, ஊசியிலைக் காடு தொடங்கும் இடத்தில் இருந்த சிறு நகரம் அது. அங்கே வந்து சேரும்வரை நான் எந்த இடத்திலும் ஒரு குளிர்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. அகதி முகாம், பிறகு ஹனோவரில் கோப்பை கழுவியது, பிறகு இறைச்சி வைக்கும் குளிர் அறை, பிறகு வயல்வேலை. குளிர் அறையில் மரத்துப்போன இரண்டு விரல்நுனிகளுக்கு இன்னும் சரியாக உணர்வு வரவில்லை. எண்ணெய் தேய்க்க அது ஒரு குறையாக இருக்கவில்லை. கட்டிலுக்கடியில் ஒரு பை எப்போதும் கட்டியபடியே கிடக்கும். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. அந்த வசந்தத்தில் வடக்கே துறைமுகப் பக்கம் போய்ப் பார்ப்பதென்று நினைத்திருந்தேன்.

பட்டறையை நடத்தியவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். தொழில் தேறிய பெண்ணுக்கு அங்கே மைஸ்டரின் என்பது பட்டம். எல்லோரும் அவரை அப்படியே கூப்பிட்டார்கள். பன்றியும் மானும் சுடுகிறவர்களுக்குக் கடைகளில் துவக்கு இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குப் போய் எருமை, யானை என்று திருப்பி அடிக்கக்கூடிய மிருகத்தின் முன்னால் நிற்கப்போகிறவர்கள்தான் மைஸ்டரினிடம் வருவார்கள். அவரவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்து கொடுப்பார்.

அவரிடம் ஒரு பிடிவாதமான வழக்கம் இருந்தது. சுட்ட பிறகுதான் மரம். வருகிறவர் முதலில் பட்டறைத் துவக்குகளால் நின்றுகொண்டு சுட வேண்டும். எந்தக் காலிபர், எவ்வளவு பெரிய குழல் என்று முடிவான பின்னரே மாடிக் கட்டைகளைக் காட்டுவார். முதலிலேயே காட்டினால் மரத்தின் வரியில் மயங்கி, எதற்கும் தலையாட்டிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

டொக்டர் என்று நான் எழுதப்போகிறவர் மாட்டு வைத்தியர். எழுபதை நெருங்கியவர். கிழக்கு ஜேர்மனியில் கூட்டுப்பண்ணைகளின் தொழுவங்களில் வாழ்நாளைக் கழித்தவர். சின்ன வயதிலிருந்தே ஆப்பிரிக்காவுக்குப் போய் எருமை வேட்டையாட ஆசை. நாட்டைப் பிரித்த சுவர் இருந்தவரை போக முடியாது. சுவர் விழுந்த பிறகு வேலை, பிள்ளைகள், வீடு. இப்போதுதான் நேரம் வந்தது. ஒரு நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அவர்கள் பேசியது டொச் என்கிற ஜேர்மன் மொழியில். நான் அவர்களை எங்கள் பேச்சில் பேச வைக்கிறேன். வேறு விதமாக எனக்கு எழுத வராது.

“ஐந்நூறு காலிபர்,” என்றார் டொக்டர், கதிரையில் உட்காரும் முன்னமே. “இரட்டைக்குழல். யானையையும் நிப்பாட்டுற சாமான்.”

“யானைக்கோ போறியள்?” என்று மைஸ்டரின் கேட்டார்.

“இல்லை. எருமைக்கு.”

“அப்ப யானையை விடுங்கோ.”

டொக்டரின் மனைவி சிரித்தார். “அந்தப் பெரிய சாமானோட போறதெண்டா நான் உங்கட பாஸ்போட்டை ஒளிச்சு வைப்பன்.”

“சுவர் இருக்கேக்கை அரசாங்கக்காரங்கள் ஒளிச்சு வைச்சிருந்தவங்கள். இப்ப நீயோ?”

“அவங்களுக்கு உங்களில என்ன அக்கறை? எனக்கு இருக்கு.”

பிறகு அந்த அம்மா மைஸ்டரின் பக்கம் திரும்பினார். சிரிப்பும் பகிடியும் போய்விட்டன. “எனக்குத் துவக்கைப் பற்றித் தெரியாது. எதைக் கொண்டு போனா இவர் திரும்பி வருவார்? அதை மட்டும் சொல்லுங்கோ.”

“சுட்டுப் பாத்துத்தான் சொல்லலாம்,” என்றார் மைஸ்டரின்.

அன்று அளவு மட்டும் எடுத்தார். திருகாணிகளால் நீட்டவும் குறுக்கவும் சரிக்கவும் கூடிய பிடியோடு சுடாத துவக்கு ஒன்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதைத் தோளுக்குத் தூக்கவேண்டும். பிறகு கண்ணைத் திறந்தால் பார்வை குழல் வழியே நேராகப் போகவேண்டும். போகாவிட்டால் ஒரு திருகாணி, மறுபடி கண்ணை மூடு. டொக்டரின் வலது தோள் எலும்பைப் பல வருடங்களுக்கு முன் ஒரு பசு உதைத்து உடைத்திருந்தது. அது பொருந்திய இடத்தில் ஒரு மேடு. மைஸ்டரின் அதை விரலால் தடவிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார். காட்டுக்குள் பழைய கல்லுடைத்த பள்ளம் ஒன்று எங்கள் சுடுதிடல். அங்கே தண்டவாளத்தில் ஓடும் ஒரு வண்டி உண்டு. அதன்மேல் பலகை எருமை நிற்கும். சுடுபவருக்குப் பின்னால் நின்று நான் கைப்பிடியைச் சுற்றினால், கம்பி இழுக்க, எருமை அவரை நோக்கிப் பாய்ந்து வரும். பழைய எருமை சல்லடையாகிவிட்டிருந்தது.

“புதுசொண்டு செய். நீ எருமைகளின்ர நாட்டுக்காரன்தானே,” என்றார் மைஸ்டரின்.

எனக்குத் தெரிந்த எருமை தயிர்ச்சட்டியோடு சம்பந்தப்பட்டது. குளத்தில் மூக்கு மட்டும் தெரியக் கிடக்கும். சின்னப் பெடியன் தடியோடு வந்தால் எழும்பிப் பின்னால் போகும். அதையெல்லாம் டொச்சில் விளக்க அலுப்பும் பஞ்சியும். ஓம் என்றுவிட்டேன்.

பலகையை நானே வெட்டினேன். படம் கீற எனக்கு வராது. லைப்சிக்கில் ட்ராம் கழுவும் வேலை செய்த மன்னார் அண்ணை ஒருவர் இருந்தார். ஒவ்வொரு வருடமும் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் கிறிஸ்து பிறப்புக்கு வைக்கும் நத்தார் குடிலுக்கு மாதா முதல் ஒட்டகம் வரை அவர்தான் வர்ணம் பூசுவார். பலகையைப் பட்டறை வானில் ஏற்றிக்கொண்டு அவரிடம் போனேன்.

“எருமையோ?” என்று பலகையைச் சுற்றி நடந்தார். “என்ன நிறம்?”

“கறுப்பு, அண்ணை.”

“தனிக் கறுப்பு அடிச்சா மூஞ்சி எழும்பாது. கொஞ்சம் மண்ணிறம் கலக்கவேணும்.”

“கோவமா இருக்கவேணும். ஆளை முட்ட வாற எருமை.”

“ஓம், ஓம். நீ போய்த் தேத்தண்ணி வை.”

தேத்தண்ணியோடு வந்தபோது முகம் முடிந்திருந்தது. ஆப்பிரிக்க எருமைக்குக் கொம்பு நெற்றியில் கவசம்போல் ஒட்டிக் கீழே இறங்கி மேலே வளையும் என்று படத்தில் காட்டித்தான் விட்டிருந்தேன். அண்ணை வன்னி எருமைக்குப்போல இரண்டையும் பின்னால் அழகாக வளைத்திருந்தார். அது போகட்டும். கண்கள்தான் சங்கடம். பெரிய ஈரமான கண்கள், ஒவ்வொன்றாகக் கீறிய இமை மயிர்கள். குடிலில் பிறந்த பாலனை மூச்சுக் காற்றால் சூடாக்குகிற மாடு அப்படியே இங்கே நின்றது.

“அண்ணை, இது குடிலுக்கு இல்லை. சுடுறதுக்கு.”

“சுடுறதுக்கெண்டு நீ முதலே சொல்லேலையே.”

“முட்ட வாறதெண்டு சொன்னனான்தானே.”

“முட்ட வாறதெண்டா? மாடு முட்டும், பிறகு போகும். சுடுறதெண்டா நான் கீறியிருக்க மாட்டன்.” தூரிகையைத் துடைத்தார். “இனி அழிக்க ஏலாது. கொண்டு போ. கேட்டா என்ர பேரைச் சொல்லாதை.”

சுடுகிற நாள் வெயிலாக இருந்தது. வண்டிமேல் எருமையைப் பூட்டி, அவமானம் தாங்காமல் படங்கு போட்டு மூடி வைத்தேன். முதலில் கடதாசி இலக்குத்தான். மைஸ்டரின் பெரிய இரட்டைக்குழலைத் தானே நிரப்பி மூடி டொக்டரிடம் கொடுத்தார். அங்கே யாரும் தாங்களாக நிரப்பக் கூடாது. அதுவும் அவர் வழக்கம்.

முதல் வெடியில் பள்ளம் முழுவதும் அதிர்ந்தது. டொக்டர் ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டார். கடதாசியில் நல்ல இடத்தில் ஓட்டை. முகம் குழந்தையின் முகம்போல் ஆகிவிட்டது. இரண்டாவது குழலுக்கு விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. உள்ளே மைஸ்டரின் வைத்திருந்தது மருந்தில்லாத பொய்த்தோட்டா. ஆனால் குழலின் நுனி சடாரென்று கீழே குத்தி நிலத்தைப் பார்த்தது. அடி விழப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயந்து செய்கிற காரியம் அது. வெடித்திருந்தால் சத்தத்தில் யாருக்கும் தெரிந்திராது. குண்டு மட்டும் இலக்குக்குக் கீழே மண்ணுக்குள் போயிருக்கும். வெடிக்காததால் எல்லோருக்கும் தெரிந்தது. டொக்டரின் மனைவிக்கும்.

“இன்னொருக்கா,” என்றார் டொக்டர்.

இம்முறை பொய்த்தோட்டா முதல் குழலில் இருந்தது. நுனி இன்னும் ஆழமாகக் குத்தியது.

அவர் காதுமூடியைக் கழற்றிவிட்டு ஒரு மரக்குற்றியில் போய் உட்கார்ந்தார். மைஸ்டரின் போத்தலிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தார். டொக்டர் குடித்து முடிக்கும்வரை அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து காதுமூடியை மடியில் வைத்திருந்தார். இந்த அம்மா நல்லவர் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

“ஊசி போடப் போனா பசு தோலைச் சிலிர்க்கும்,” என்றார் டொக்டர். “ஊசி படுறதுக்கு முன்னமே. காலம் முழுக்கப் பாத்திருக்கிறன். அதுக்கு என்ன சொன்னாலும் கேக்காது. தோல் அதின்ர பாட்டுக்குச் சிலிர்க்கும்.” தன் தோள் மேட்டைத் தொட்டுக்கொண்டார். “சரி. சின்னதைத் தாங்கோ.”

சின்னது என்றால் முந்நூற்று எழுபத்தைந்து. கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிற ஒற்றைக்குழல். எருமைக்குப் பல நாடுகளில் சட்டம் கேட்கிற ஆகக் குறைந்த காலிபர் அதுதான். அதிலும் பொய்த்தோட்டா வைத்துப் பார்த்தார் மைஸ்டரின். குழல் அசையவில்லை. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு மெல்லத் தலையாட்டினார். பெரிய சந்தோசம் என்று சொல்ல முடியாது.

“இப்ப எருமை,” என்றார் மைஸ்டரின்.

நான் படங்கை இழுத்தேன்.

முதலில் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு டொக்டர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இது ஆரின்ர வளர்ப்பு?”

“சிநேகிதர் ஒராள்,” என்றேன்.

“நல்ல தீனி போட்டு வளத்திருக்கிறார்.”

மைஸ்டரின் என்னைப் பார்த்த பார்வையில் பை கட்டிலுக்கடியில் தயாராக இருப்பது ஞாபகம் வந்தது. “சுத்து,” என்றார். சுற்றினேன். எருமை தடதடவென்று வந்தது. டொக்டர் துவக்கைத் தூக்கவே இல்லை. காலடியில் வந்து நின்றதும் அதன் நெற்றியைத் தட்டிக் கொடுத்தார்.

“டொக்டர், நீங்கள் செத்துப் போனியள்,” என்றார் மைஸ்டரின்.

“ஓம். ஆனா வலிக்கேலை.”

“சிரிப்பை விடுங்கோ. அங்கை உள்ளது பால் குடுக்க வராது.”

வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போய் விட்டேன். இரண்டாம் முறை சுற்றும்போது டொக்டரின் முதுகைத்தான் பார்த்தேன். தோள் இரண்டும் இறங்கி, தொழுவத்துக்குள் போகிற ஒருவரின் முதுகாக இருந்தது. வெடி, அடுத்த தோட்டா, வெடி. எருமை பாதி வழி வரும் முன்னமே இரண்டும் முடிந்துவிட்டன. மூன்றாம் முறையும் அப்படியே.

டொக்டரின் மனைவி எழுந்து வண்டியடிக்கு நடந்து போனார். எருமையின் நெஞ்சில், தாடைக்குக் கீழே, நான்கு ஓட்டைகள். அவர் உள்ளங்கையை விரித்து அவற்றின்மேல் வைத்தார். நான்கும் மறைந்தன. கையை எடுக்காமல் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: “இதோட போகலாம்.”

டொக்டர் போகும் முன் இரட்டைக்குழலை ஒருமுறை கேட்டு வாங்கி, திறந்து மூடிப் பார்த்தார். கனமான பெட்டி மூடுவதுபோல் ஒரு சத்தம். “இந்தச் சத்தம் மட்டும்தான் மற்றதிலை இல்லை,” என்று திருப்பிக் கொடுத்தார். “சரி, மரத்தைக் காட்டுங்கோ.”

மாடியிலிருந்து நான் இறக்கியவற்றில் வரி ஓடும் அழகான கட்டைகளைத் தள்ளிவிட்டு, நேர்நரம்பு ஓடிய சாதாரணக் கட்டை ஒன்றை எடுத்தார். அது வெடிக்காது, முறுகாது. மைஸ்டரினுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் அடுத்ததுக்குச் சுருங்கியது. துவக்கின் கீழ்ப்பக்கம் தோட்டாக் கூட்டை மூடும் அடித்தகட்டில் எருமைத் தலை ஒன்றைச் செதுக்குவது இப்படிப்பட்ட துவக்குகளுக்கு வழக்கம். டொக்டருக்கு எங்கள் பலகை எருமையின் தலைதான் வேண்டுமாம். பின்னால் வளைந்த கொம்பு, இமை மயிர், எல்லாவற்றோடும்.

“ஆப்பிரிக்காவிலை சிரிப்பாங்கள்,” என்றார் மைஸ்டரின்.

“சிரிக்கட்டும். அது வந்து நிண்ட பிறகுதான் என்ர தோள் இறங்கினது.”

தகட்டில் உருவம் செதுக்குகிற தொழிலாளி ஒருவர் கல்லுடைத்த பள்ளத்துக்கே வந்து பார்த்துக் கீறிக்கொண்டு போனார். நான் வசந்தத்தில் போகவில்லை. அந்தப் பிடிக்கு எண்ணெய் பாதி ஏறியிருந்தது. பாதியில் விட்டால் இன்னொருவர் கை மாறித் தெரியும். அப்படித்தான் எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மையில் அந்தத் தலை இரும்பில் எப்படி வருகிறது என்று பார்க்க ஆசை. வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இமை மயிரை எண்ணலாம்.

கோடை முடிவில் டொக்டர் ஆப்பிரிக்காவுக்குப் போனார். இலை பழுக்கும்போது இருவருமாகப் பட்டறைக்கு வந்தார்கள். டொக்டரின் முகம் கறுத்து மெலிந்திருந்தது. துவக்கைத் துப்புரவாக்கக் கொண்டுவந்திருந்தார். நாணல் காட்டுக்குள்ளிருந்து ஒரு கிழட்டு எருமை திரும்பி வந்ததாம். இரண்டு வெடி. இரண்டாவது தேவைப்படவில்லை என்று அங்கே தடம் பார்க்கிறவர் சொன்னாராம். பிறகு அவர் துவக்கைக் கவிழ்த்து அடித்தகட்டைப் பார்த்து, இது எந்த நாட்டு மிருகம் என்று கேட்டாராம்.

“சிலோன் எண்டன்,” என்றார் டொக்டர். “இது ஒரு நாளும் கோவிச்சிருக்காது போல எண்டு சொல்லிச் சிரிச்சவர்.”

அவர் மனைவி என்னருகில் வந்து நின்றார். “பாஸ்போட் இனி அவரிட்டையே இருக்கட்டும்,” என்றார்.

அன்று பின்னேரம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, உங்கட மாடு ஆப்பிரிக்காவுக்குப் போட்டு வந்திட்டுது.”

“விசா ஆர் குடுத்தது?”

முழுக் கதையையும் சொன்னேன். கொம்பு பிழையென்று யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். சிரித்தார்களாம் என்றேன்.

“சிரிக்கட்டும். டொக்டர் சுகமா வந்திட்டாரோ?”

“ஓம். வந்திட்டார்.”

“அது காணும், வேறென்ன வேணும். நீ நத்தாருக்கு வா. குடில் மாட்டுக்கு ஒரு காது உடைஞ்சு போச்சு. பலகை வெட்ட ஆள் வேணும்.”

போனேன். அதற்கு ஒரு சின்னப் பை போதுமாக இருந்தது. பெரியது கட்டிலுக்கடியிலேயே கிடந்தது.