மெத்தைக் கடையில் பம்பை

ஆடி மாதம் இரண்டாம் புதன்கிழமை மதியம், செஞ்சி கடைவீதியில் பஞ்சு மெத்தைக் கடைக்குள் ஏன் பம்பை அடித்தார்கள் என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பள்ளித் தோழன் பம்பைக்காரன். அம்மன் வர்ணிப்பு பாடிக்கொண்டே அவன் அடித்தால் தொண்டூரிலிருந்தெல்லாம் ஆள் வரும். மலேசியாவில் ஒரு கோயில் திருவிழாவுக்கு ஆள் தேடியவர்கள், அவன் அனுப்பிய வீடியோவைக் கேட்டுவிட்டு, சத்தம் தெளிவாக இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் வேறு அனுப்பாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"முப்பது வருசமா அடிக்கிறேன்டா. போன்ல கேட்டா தகர டப்பாவ உருட்டற மாதிரி இருக்குது. நீதான் எல்லாத்தையும் படிக்கறவனாச்சே, இன்னா பண்ணலாம் சொல்லு" என்றான்.

படித்தேன். காற்று படக் கூடாது, எதிரொலி கூடாது, கைப்பேசி சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை கோட்டை அடிவாரத்தில் எடுத்தோம். ஆடிக் காற்று மட்டும் தெளிவாகப் பதிவாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை, டைல்ஸ் போட்ட என் வீட்டுக் கூடத்தில் சன்னலை அடைத்துவிட்டு எடுத்தோம். ஒவ்வோர் அடியும் நாலாகத் திரும்பி வந்தது. மெத்தென்ற பொருள்கள் எதிரொலியை விழுங்கிவிடும் என்று வாசித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மெத்தைக் கடைக்காரர் உடனே சம்மதித்தார். "ஆடி மாசத்துல கல்யாணமே கெடையாது, எவன் மெத்த வாங்கறான்? வந்து அடிங்க."

கல்லாவில் இருந்த அவர் மனைவி, "பம்ப சத்தம் கேட்டா இவருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு" என்றார் கடைக்காரர்.

ஷட்டரைப் பாதி இறக்கினோம். பம்பைக்கு ஒரு சாண் தள்ளி, தலையணை மேல் கைப்பேசியை நிறுத்தினேன். தோழன் வர்ணிப்பைத் தொடங்கி இரண்டு வரி போகவில்லை. கடைக்காரரின் கால் கட்டைவிரல் துடித்தது. அடுத்த நொடி பெருங்குரலில் கூவிக்கொண்டு எழுந்தார். அடுக்கியிருந்த மெத்தைகள் சரிந்தன.

"டேய் நிறுத்துடா, எல்லாம் வீணாப் போவுது!" என்றேன்.

சாமி மலையேறும் வரை பம்பையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஆடுபவர் உடம்புக்கு ஆகாது. அதை அவன் வர்ணிப்பின் ராகத்திலேயே, கை நிற்காமல், எனக்குப் பாடிச் சொன்னான்.

கடைக்காரர் மனைவி நிதானமாக வந்து கை கூப்பினார். "இன்னா தாயே கொற?"

"மூச்சு முட்டுது!" சாமி என் கைப்பேசியைக் காட்டியது. "அத எதுக்கு என் மூஞ்சியாண்ட வெச்சிக்கினு இருக்கான்? அப்பால எடுத்துனு போவச் சொல்லு!"

"சாமி சொல்லுதில்ல, எடுத்துனு போங்க சார்."

பதிவு ஓடிக்கொண்டிருந்த கைப்பேசியோடு கடைசிச் சுவர் வரை போய், தலையணைக் குவியலில் சாய்ந்துகொண்டேன். சாமி கற்பூரம் கேட்டது.

"பஞ்சுக் கடை தாயே. வாசல்ல ஏத்தறேன், வந்து வாங்கிக்கோ."

சாமி சற்று யோசித்து ஒத்துக்கொண்டது. ஷட்டருக்குக் குனிந்து வெளியே போய், கற்பூரத்தை வாங்கிக்கொண்டு படியிலேயே மலையேறியது. கடைக்காரர் தண்ணீர் கேட்டார்.

போட்டுக் கேட்டோம். முதல் பாதி அதே தகர டப்பா. நான் சுவருக்குப் போன பிறகு ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழுந்திருந்தது. இவ்வளவு பெரிய சத்தத்தை அத்தனை பக்கத்தில் வாங்கக் கைப்பேசிக்குத் தெம்பில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் நல்ல சத்தம் இருந்த பகுதி முழுக்கக் கடைக்காரர் ஆடிக்கொண்டிருந்தார்.

"என் பாட்ட கேட்டா இவரு கால ஒதர்றத அனுப்பறதா?" என்று தோழன் நொந்துகொண்டான். வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை அதையே அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, வாருங்கள். அந்தச் சாமியாடியும் கட்டாயம் வர வேண்டும்.

தோழன் கடைக்கு ஓடினான். நானும் போனேன்.

"நானா ஆடினேன்? எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்ற கடைக்காரர், கொஞ்ச நேரம் கழித்து, பாஸ்போர்ட் எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று என்னைக் கேட்டார்.

அவர் மனைவி தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே தோழனைப் பார்த்தார். "கூட்டிகினு போப்பா. ப்ளேன்ல மட்டும் பம்பைய வெளிய எடுக்காத. இவரு எழுந்துடுவாரு."