தனியே வெட்டியெடுத்த முகம்

ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் இறந்த பிறகு, அவர் வாழ்நாளெல்லாம் எடுத்த நெகட்டிவ்கள் ஜெர்மனியில் எசன் நகரத்துக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றை ஸ்கேன் செய்து, எவரும் வீட்டிலிருந்தே பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் அதுதான் என் வேலை. பெட்டி பெட்டியாகச் சுரங்கத் தொழிலாளர்களும் உதைபந்தாட்டமும்தான். பொறுமை என்பது என் ரத்தத்திலேயே இல்லை. பாதி நாள் கொட்டாவியில் போகும்.

ஒருநாள் திரையில் எங்கள் அகதி விடுதி வந்தது. எண்பதுகளில், ஆறு வயதில் நான் இருந்த அதே கட்டடம். வாசலில், பனிக்குள், தோளில் நிற்காத கோட்டுகளோடு ஏழு இளைஞர்கள். மூன்றாவதாக நின்றவரைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. அப்போது தினமும் என் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டவர், இப்போது எங்கள் மேல்மாடியில் இருக்கும் அக்காவின் தம்பி. போர் நடந்துகொண்டிருந்த ஊருக்கே திரும்பிப் போனவர். பத்து வருடமாக இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. ஊரில் வீட்டாரின் இடப்பெயர்வில் எல்லாம் தொலைந்து, அக்காவிடம் அவருடைய ஒரு படம்கூட இருக்கவில்லை.

மேலதிகாரியிடம் அனுமதி கேட்டேன். அந்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கீறல்களை நீக்கி, பெரிதாக்கி, நல்ல கறுப்புச் சட்டமும் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு. சனிக்கிழமை காலை படியேறிப் போய் மணியடித்தேன்.

அக்கா கதவைத் திறந்தார். சட்டத்தைப் பார்த்தார். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப?" என்றார்.

"எண்பதுகளில எடுத்தது, அக்கா."

"படத்தைக் கேக்கேல்லை, பிள்ளை. நீ வேலை செய்யிற கந்தோருக்கு எப்ப தெரிய வந்தது?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீடுகளில் ஒருவருடைய முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போடுவது அவர் செத்த பிறகுதான். எனக்கு இது தெரியாததா? ஜெர்மன் நண்பர்களின் வீடுகளில் உயிரோடிருப்பவர்களே சுவரெல்லாம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பழகி மறந்துபோனேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"எனக்கு ஒண்டும் தெரியாது, அக்கா. உங்களுக்குச் சந்தோசமா இருக்குமெண்டு கொண்டு வந்தனான்."

"மறைக்காதை, பிள்ளை. ஒண்டும் தெரியாமல் அரசாங்க ஆக்கள் இப்பிடிப் படம் தருவினமோ?"

எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. திங்கட்கிழமை ஏழு பேரும் நிற்கும் முழுப் படத்தையும் அச்செடுத்து, மாலையில் கொண்டுபோனேன். அக்கா அதை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இப்ப விளங்குது. இதில இருந்துதான் வெட்டியெடுத்திருக்கிறாய். உன்னில பிழையில்லை" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா ஊரில அம்மாவுக்கு அண்டைக்கே போனில சொல்லிப்போட்டன்."

"திருப்பி எடுத்துச் சொல்லுங்கோ அக்கா, பிழை எண்டு."

"சொல்லுவன். நான் ஆறுதலுக்குச் சொல்லுறன் எண்டுதான் நினைப்பா. பத்து வருசமா ஒவ்வொரு நாளும் அவனுக்கெண்டு ஒரு கோப்பை சோறு எடுத்து மூடி வைக்கிறவ, பிள்ளை. நேற்று வைக்கேல்லையாம்."