அக்காவின் கட்டைவிரல் செய்த குற்றம் என்ன?

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்காவின் மூன்றாண்டு உழைப்பை ஒரே நாளில் பெயிண்ட் தின்னர் ஊற்றித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து அடுக்கியவன் நான்தான்.

தீபாவளிக்கு முந்திய வாரம். சிரம்பானை அடுத்த பாரோயில் அக்கா வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அலமாரியை நகர்த்தியபோது ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. உள்ளே நூற்றுக்கணக்கான சிறு கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்புக் கறை, ஓரமெல்லாம் நகப்பூச்சு. அக்கா அடிக்கடி நகப்பூச்சு வாங்குவதும், அது அவர் நகத்தில் ஒருநாளும் இல்லாததும் எங்கள் குடும்பத்தில் நெடுநாள் மர்மம். நிறையப் படித்தவன் என்று பெயரெடுத்த நான், 'பாவம், கண்ணாடியில் பூசிப் பார்த்துவிட்டு ஆசையை அடக்கிக்கொள்கிறார்' என்று முடிவு கட்டினேன். மாலையில் வேலை முடிந்து வந்தவரிடம் பெருமையோடு காட்டினேன்.

"எல்லாத்தையுமா கழுவுன?"

"ஒண்ணு விடலக்கா. பளிச்சுனு இருக்கு பாரு."

என்னையும் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனார். தோள்கள் குலுங்கின. அப்போதுதான் எனக்கு லேசாகப் பயம் வந்தது.

அக்கா ரெம்பாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், பலகைச் சுவர் மட்டுமே பிரிக்கும் வரிசை வீடுகளில், பிறந்தவர். பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்த மாதமே அப்பா படுத்துவிட்டதால், தோட்டத்தை ஒட்டியிருந்த விதை ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்ததும் அந்தக் குப்பிகள்தாம். கழுவிக்கொண்டே நுண்ணோக்கியைப் பழகினார். பத்து ஆண்டுகளில், பட்டம் பெற்று வருகிறவர்களுக்குப் பூமொட்டை எப்படி அழுத்துவது என்று சொல்லித்தருபவராக ஆனார்.

அழுத்துவதுதான் அந்த வேலையின் உயிர். இன்னும் விரியாத மொட்டுக்குள்ளேதான் மகரந்தம் உருவாகிறது. காலை வெயில் ஏறுமுன் மொட்டைப் பறித்து, சாராயமும் காடியும் கலந்த நீரில் போட்டு, பிறகு மகரந்தப் பையைப் பிரித்துச் சாயமிட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூடிக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். காய்ந்துவிடாமல் இருக்க ஓரத்தை நகப்பூச்சால் அடைக்க வேண்டும். மர்மம் அவ்வளவுதான்.

கூடத்தில் ஒரு புதுக் கலப்புக் கத்திரி இருந்தது. பூத்துக் குலுங்கும், காய்ப்பது அரிது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா அதன் மொட்டை அழுத்திப் பார்த்தார். மகரந்தத்தை உண்டாக்கும் செல்கள் பாதி பாதியாகப் பிரியும் சமயம் அது. தத்தம் எல்லைக்குள் இருக்க வேண்டிய அந்தச் செல்களில் சில, சுவரிலிருந்த துளை வழியாகத் தம் குரோமட்டினை, அதாவது பரம்பரைச் சரக்கையே, பக்கத்துச் செல்லுக்குள் தள்ளிக்கொண்டிருந்தன. ஒன்று காலி, அடுத்தது நிரம்பி வழிந்தது. இரண்டிலிருந்தும் உருப்படியான மகரந்தம் வராது.

எனக்குப் புரியவைக்க அக்கா சொன்னார்: "லயத்துல நடுச்சுவத்துப் பலகைய நகத்திட்டுக் கொழம்பு குடுத்துக்குவோமே, அது மாதிரிடா. ஆனா இதுங்க சட்டியோட குடுத்துடுதுங்க."

ஆய்வுக்கூடத்துப் பெரிய அதிகாரி நம்பவில்லை. நம்மவர்தான், நல்ல மனிதர். "உங்க கட்டவெரல் அழுத்துன அழுத்துல பிதுங்கியிருக்கும்மா" என்றார். அறிக்கையிலும் 'தயாரிப்பில் நேர்ந்த பிழை' என்று ஒரு வரி எழுதினார். பட்டமோ பதவியோ இல்லாத அக்காவுக்கு இருந்ததெல்லாம் அந்தக் கட்டைவிரல் ஒன்றுதான். அந்த ஒரு வரி அவரை மூன்றாண்டுகள் விடாமல் மொட்டுப் பறிக்க வைத்தது. உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு அவர் தாமதமாக வந்ததற்கெல்லாம் கத்திரிக்காயே காரணம்.

அந்த மூன்றாண்டுகளைத்தான் நான் கழுவினேன். மொட்டுகள் ஊறிய குப்பிகள் மட்டும் குளிர்பெட்டியில் தப்பின. ஊறுகாய் என்று எண்ணியும் நான் ருசி பார்க்காதது என் வாழ்வின் அரிய புத்திசாலித்தனங்களில் ஒன்று. அந்த மொட்டுகளை அக்கா மெழுகில் பதித்து, இழையிழையாகச் சீவினார். இம்முறை விரலுக்கே வேலையில்லை. என் முட்டாள்தனம்தான் அவரை இந்த வழிக்குத் தள்ளியது என்று இத்தனை ஆண்டுகளாக எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.

சிரம்பானில் ஒரு மண்டபத்தில் ஆய்வாளர்கள் கூடினார்கள். நான் கார் ஓட்டிப் போனேன். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எழுந்து, இது விரல் அழுத்தத்தால் வந்ததல்ல என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். அக்கா தயங்கவில்லை.

"நல்லாக் காய்க்கிற கத்திரியையும் அதே நாள்ல புதுசா அழுத்தியிருக்கேன் சார். அதுல ஒண்ணும் நகரல. செடி ரெண்டு, கட்டவெரல் ஒண்ணுதான். வெரலே படாத சீவலும் அந்த மேசையில இருக்கு. பாருங்க."

வரிசை வாசல்வரை நீண்டது. நானும் நின்றேன். நுண்ணோக்கியில் முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு தெரிந்தது: ஒட்டி நின்ற இரண்டு செல்கள், நடுவே குறுகிய கழுத்து, அதன் வழியே பாதி இங்கும் பாதி அங்குமாகச் சிவப்பு. கடைசியாக வந்த பெரிய அதிகாரி நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "அந்த வரிய எடுத்துடறேன்மா" என்றார். எடுத்தார். புதிய அறிக்கையில் அக்காவின் பெயர் முதலில் இருந்தது. திரும்பும் வழியெல்லாம் அக்கா சிவந்த கட்டைவிரலை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கடைசி நாள்களில் மருத்துவமனையிலும் அவர் ஓய்ந்ததில்லை. ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்த தாதியிடம், "ஒரே இழுப்பா இழும்மா, நடுவுல நிறுத்தாத" என்று திருத்தினார். அந்தத் தாதிக்கும், முறைவைத்துத் துணையிருந்த பாரோய் அண்டை வீட்டாருக்கும், அக்காவைத் தோளில் சுமந்த ஆய்வுக்கூட நண்பர்களுக்கும், அந்த வரியை எடுத்த அதே கையால் இறுதிச் சடங்கில் பூப்போட்ட அதிகாரிக்கும் எங்கள் குடும்பம் தலைவணங்குகிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளை மடித்துத் தந்தாள்.

"நீங்க கழுவுனப்பவே, மெழுகுல சீவ ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு மாமா. அழுத்துன கண்ணாடியத்தான் யாருமே நம்பலையே. அன்னிக்கு அம்மா அழுவல, சிரிச்சாங்க. அந்தப் பெட்டியக் கழுவ ஆள் தேடிக்கிட்டிருந்தாங்களாம்."